கேட்க வருபவர்கள் உண்ணும் ஒலி

பழைய செவ்வக அரங்கம் ஒன்றில் காலை ஒத்திகையைக் கேட்க எனக்கு ஒருமுறை அனுமதி கிடைத்தது. அன்று சேர்ந்திசைக் குழு பீத்தோவனின் கோரியோலன் முன்னிசையை எடுத்திருந்தது. அதன் தொடக்கத்தில் நரம்புக் கருவிகள் எல்லாம் ஒரே சுரத்தை நீளமாக இழுக்கும். இழுப்பு முடிகிற இடத்தில் முழுக் குழுவும் சேர்ந்து ஒற்றை அடி அடிக்கும். உடனே எல்லாம் நின்றுவிடும். இப்படியே மீண்டும் மீண்டும் வரும். அடிக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே எழுதப்பட்டிருப்பது மௌனம்தான். ஆனால் காலியாகக் கிடந்த அந்த அரங்கில் மௌனம் வரவே இல்லை. வில்கள் நரம்பைவிட்டு எழுந்த பிறகும் அந்த ஒலி கூரைக்கடியில் சுழன்றுகொண்டிருந்தது. அது முற்றிலும் அடங்குவதற்குள் அடுத்த இழுப்பு தொடங்கிவிட்டது. நடத்துநர் குழுவை நிறுத்தி, "இப்போது கேட்பதை நம்பாதீர்கள்; மாலையில் இதில் பெரும்பகுதி இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

மாலையில் நான் ஏறக்குறைய அதே இடத்தில் உட்கார்ந்தேன். குளிர்காலம் என்பதால் எல்லோரும் தடித்த உடையில் வந்திருந்தார்கள். ஓர் இருக்கைகூடக் காலியாக இல்லை. அதே இழுப்பு, அதே அடி. இந்த முறை ஒலி எழுந்து, ஒரு மூச்சளவு நின்று, படிப்படியாக மெலிந்து மறைந்தது. மறைந்த இடத்தில், எழுதியவர் கேட்டிருந்த மௌனம் வந்தது. சுவர்களும் கூரையும் கருவிகளும் வாசித்தவர்களும் காலையில் இருந்தவையும் இருந்தவர்களும்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் நாங்கள் மட்டுமே. காலையில் கூரையடியில் சுழன்ற ஒலியை மாலையில் உண்டவர்கள் நாங்கள்.

இசையரங்கக் கட்டடக்கலையைப் பற்றி அதன் பிறகு நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் இந்த ஒரே முடிச்சைச் சுற்றித்தான் வருகின்றன. யாருக்காக அந்த அரங்கம் கட்டப்படுகிறதோ, அவர்களே அதன் ஒலியை மிகுதியாக விழுங்குபவர்கள். துணி உடுத்திய மனித உடலைவிட ஒலியை அதிகமாக உட்கவரும் பொருள் நல்ல அரங்கம் எதிலும் கிடையாது. ஆகவே ஒருவரை உள்ளே உட்காரவைக்கும்போதெல்லாம், மற்ற எல்லோருக்கும் கிடைக்கவேண்டிய ஒலியில் ஒரு பங்கை அவருக்கு எழுதிக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கை நேர்செய்யும் கலையே அரங்க வடிவமைப்பு என்று நான் கருதுகிறேன்.

அரங்கத்தின் நோக்கத்தை எளிதாகச் சொல்லிவிடலாம்: ஒலிபெருக்கியின் துணையின்றி, கைகளாலும் மூச்சாலும் எழுப்பப்படும் ஒலியை, இரண்டாயிரம் பேருக்கு அதன் நிறம் கெடாமல் கொண்டுசேர்ப்பது. திறந்த வெளியில் ஒரு வயலினை வாசித்தால், கொஞ்ச தூரம் தள்ளிப் போனதுமே அது மெலிந்து தனித்துவிடும். அங்கு போன ஒலி போனதுதான், திரும்பி வராது. அறைக்குள் அது திரும்பி வருகிறது. பெரிய அரங்கத்தின் பின்வரிசையில் இருப்பவருடைய காதில் விழும் ஒலியில் பெரும்பங்கு கருவியிலிருந்து நேராக வந்ததன்று. சுவரையும் கூரையையும் பலமுறை தொட்டுவிட்டு வந்தது. அரங்கத்தையும் ஓர் இசைக்கருவி என்று பலர் சொல்வதை வெறும் உவமையாகவே நான் நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலைக்கும் மாலைக்கும் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இதற்கென்றே தனிக் கட்டடம் எழுப்பும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. அரண்மனைக் கூடங்களிலும் தேவாலயங்களிலும் நடந்துகொண்டிருந்த இசை, கட்டணம் செலுத்தி வரும் பொதுமக்களுக்காகத் தன் சொந்த அறைக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1748இல் திறக்கப்பட்ட ஹோலிவெல் இசைக்கூடம் ஐரோப்பாவில் இசைக்கென்றே கட்டப்பட்டு இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. லைப்சிக் நகரில் 1781இல் துணி வணிகர்களின் கட்டடத்துக்குள் ஓர் இசைக்கூடம் அமைந்தது. 'கெவாண்ட்ஹவுஸ்' என்ற பெயரே துணி மாளிகை என்று பொருள்படும். அங்கே இருக்கைகள் மேடையைப் பார்த்து இருக்கவில்லை. நடுவே பாதைவிட்டு, இரு பக்கத்தவரும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி உட்காரும்படி அவை போடப்பட்டிருந்தன. அந்தக் கூடத்தில், மெய்யான மகிழ்ச்சி விளையாட்டுக் காரியம் அன்று என்ற பொருளில் செனெகாவின் இலத்தீன் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. பார்ப்பதற்காக வந்த இடத்தைக் கேட்பதற்கான இடமாக மாற்றும் முயற்சி அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

அதுவரையிலும், அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு வரையிலும், நல்ல அரங்கம் அமைவது பெரும்பாலும் முன்னோர் கட்டியதைப் பார்த்துக் கட்டுவதால்தான். எண்களால் பேசத் தொடங்கியவர் வாலஸ் சேபின். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்த அவரிடம், புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அங்கே பேசினால் யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஒரு சொல் முழுவதும் அடங்க 5.5 விநாடி ஆயிற்று. அதற்குள் பேசுபவர் எத்தனையோ சொற்களைக் கடந்திருப்பார், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். சேபின் நள்ளிரவுக்குப் பிறகு, தெரு அடங்கிய வேளையில், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கிவந்து அந்த மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை நேரத்தைக் குறிப்பார். பிறகு இன்னும் சில மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு மீண்டும் அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளை எல்லாம் பழைய இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இந்த வரலாற்றில் என் மனத்தைவிட்டு நீங்காத செய்தி ஒன்று உண்டு. அளவுகள் நாளுக்கு நாள் சிறிது மாறுவதற்குத் தன் உடையும் ஒரு காரணம் என்பதைச் சேபின் கண்டுகொண்டு, அதன்பின் அளக்கும் இரவுகளில் எல்லாம் ஒரே வகை உடையையே அணிந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் தனியாக நின்ற ஒரு மனிதரின் மேலங்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளவிடக்கூடிய அளவுக்கு மாற்றியிருக்கிறது. அப்படியானால் இரண்டாயிரம் மேலங்கிகள் என்ன செய்யும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த இரவுகளிலிருந்து பிறந்த சூத்திரம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு, 0.161 ஆல் பெருக்கி, அறையில் உள்ள எல்லாப் பொருள்களின் மொத்த உட்கவர் பரப்பால் (ஒவ்வொன்றின் பரப்பையும் அது விழுங்கும் ஒலியின் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், எதிர்முழக்க நேரம் விநாடியில் கிடைத்துவிடும். அதாவது ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம். பேச்சுக்கு அது ஒரு விநாடிக்குள் இருந்தால் நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிம்ஃபொனிகளுக்கு இரண்டு விநாடியை ஒட்டி இருக்கவேண்டும். வியன்னாவின் மூசிக்ஃபெரைன் பெரிய மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 15,000 கன மீட்டர். இரண்டு விநாடி வேண்டுமென்றால் உட்கவர் பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர் மட்டுமே இருக்கலாம். அதில் பெரும்பகுதியை அங்கே உட்காருபவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். கம்பளத்துக்கும் திரைச்சீலைக்கும் இடமே மிஞ்சுவதில்லை. ஆள் இல்லாதபோது அதே மண்டபத்தில் ஒலி ஏறத்தாழ மூன்று விநாடி நிற்கும். ஒத்திகையில் நடத்துநர் சொன்னதற்கு இந்த இரண்டு எண்களே பொருள்.

இதனால்தான் சிம்ஃபொனி அரங்கங்களின் கூரை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஓர் ஆளுக்கு எட்டு முதல் பத்துக் கன மீட்டர் வரை காற்று வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தலைக்கு மேலே வெறுமனே விடப்பட்டிருப்பதாகத் தோன்றும் அந்த வெளியை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒலியின் சேமிப்புக் கிடங்கு. மூசிக்ஃபெரைன் மண்டபத்தில் நிறைந்திருக்கும் காற்றின் எடை மட்டும் ஏறக்குறைய 18 டன். வாசிப்பவர்கள் அசைப்பது அதைத்தான்.

சேபினின் கணக்கை முதன்முதலாகக் கட்டடமாக்கியது பாஸ்டன் சிம்ஃபொனி அரங்கம். 1900 அக்டோபர் 15 அன்று அது திறக்கப்பட்டது. கட்டியவர்கள் லைப்சிக்கில் 1884இல் எழுந்த புதிய கெவாண்ட்ஹவுஸை மாதிரியாக வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே இருக்கைகள் 1,500க்குச் சற்று மேல். பாஸ்டனுக்குத் தேவைப்பட்டதோ ஏறக்குறைய 2,600. மாதிரியை அப்படியே எல்லாப் பக்கமும் பெரிதாக்கினால் கன அளவு கட்டுக்கடங்காமல் வளர்ந்து, ஒலி குழம்பிவிடும் என்று சேபின் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே அகலத்தைக் கட்டுக்குள் வைத்து, நீளத்தைக் கூட்டி, இரண்டு அடுக்கு மாடிவரிசைகளை அமைத்தார்கள். மேடைக்கு மேலே இசையமைப்பாளர்களின் பெயர்களைப் பொறிப்பதற்கென்று செய்த பலகைகளில் ஒன்றில் மட்டுமே பெயர் இருக்கிறது; அது பீத்தோவனுடையது.

எதிர்முழக்க நேரம் ஒன்றே போதும் என்று எண்ணியிருந்த காலம் நெடுநாள் நீடித்தது. ஒரே நேரம் உள்ள இரண்டு அரங்கங்களில் ஒன்று கேட்பவரை அணைத்துக்கொள்ள, மற்றொன்று எட்ட நின்று பேசுவதுபோல இருப்பதற்கு அது காரணம் சொல்லவில்லை. 1960களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் ஒலியியல் வல்லுநர் ஹரால்டு மார்ஷல் வற்புறுத்திச் சொன்ன விடை, பக்கச் சுவர்களில் இருந்தது. மேலிருந்து திரும்பி வரும் ஒலி இரு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துசேரும். பக்கத்திலிருந்து வருவது இரு காதுகளுக்கும் வேறுவேறாக வரும். அந்த வேறுபாட்டைத்தான் நம் மூளை, இசைக்கு நடுவில் இருக்கிறோம் என்ற உணர்வாக மாற்றிக்கொள்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால், பழைய அரங்கங்கள் ஏன் வாழ்கின்றன என்பது துலங்கும். மூசிக்ஃபெரைன் மண்டபத்தின் அகலம் ஏறக்குறைய 19 மீட்டர். நடுவில், வயலினிலிருந்து 20 மீட்டர் தள்ளி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். நேர் ஒலி 20 மீட்டர் கடந்து வருகிறது. பக்கச் சுவரைத் தொட்டு வருவது ஏறக்குறைய 27.6 மீட்டர். இரண்டுக்கும் இடையிலான தாமதம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியது. காது அதைத் தனி ஒலியாகப் பிரிப்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து, அதைப் பருமனும் அகலமும் கொண்டதாக எடுத்துக்கொள்கிறது. அதே மண்டபத்தை 35 மீட்டர் அகலமாக்கினால் தாமதம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். நேர் ஒலிக்கும் சுவர் ஒலிக்கும் நடுவே ஒரு வெறுமை விழும். தியோஃபில் ஹான்சன் 1870இல் அந்த மண்டபத்தைக் கட்டி முடித்தபோது இப்படிக் கணக்குப் போட்டவர் யாருமில்லை. பெரிய உத்தரங்களைப் பயன்படுத்தாமல் எவ்வளவு அகலத்துக்குக் கூரை போடலாம் என்பதையும், எந்த விகிதம் கண்ணுக்கு அழகு என்பதையும் சுற்றியே அக்காலத்துக் கட்டடக்கலை நடந்தது. அந்தக் கட்டுப்பாடே காதுக்கு நன்மையாக அமைந்தது.

அலங்காரங்களுக்கும் இதில் வேலை உண்டு. பொன் பூசிய பெண் சிலைகளும், மாடக்குழிகளும், கூரையின் ஆழமான கட்டங்களும் தங்கள்மேல் விழும் ஒலியைச் சிதறடித்து மென்மையாக்குகின்றன. வழவழப்பான வெறும் சுவர் கண்ணாடிபோலக் கூர்மையாகத் திருப்பியடிக்கும். அலங்காரத்தைக் கைவிட்ட நூற்றாண்டு அந்தப் பணியையும் தெரியாமல் கைவிட்டது. பிறகு கணக்கால் அதை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. 2017இல் திறந்த ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மோனியின் உட்சுவரை ஏறக்குறைய 10,000 ஜிப்சப் பலகைகள் போர்த்தியிருக்கின்றன. குழிகளும் மேடுகளுமாகக் குடைந்தெடுக்கப்பட்ட அவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

நல்ல அரங்கம் என்றால் உள்ளே மரம் நிறைய இருக்கவேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வயலினும் செல்லோவும் மரத்தால் ஆனவை என்பதால் அது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பின்னால் காற்றிடைவெளி விட்டுப் பொருத்திய மெல்லிய மரப்பலகை, தாழ்ந்த சுரங்களுக்கு அசைந்துகொடுத்து அவற்றை விழுங்கிவிடும். டபுள் பாஸும் செல்லோவும் சோகை பிடித்ததுபோல ஒலிக்கும். பழைய பேர்பெற்ற மண்டபங்களின் சுவர்களில் பெரும்பகுதி கனமான சாந்துப் பூச்சுதான். இந்தத் தவறான நம்பிக்கையால் அழகான மரச்சுவருக்குள் அடித்தளம் இல்லாத இசையைக் கேட்க நேர்ந்த மாலைகள் எனக்கும் உண்டு. அவற்றை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இருக்கைகளைக் கூட்டும் ஆசை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு நியூயார்க் பெரிய சாட்சி. லிங்கன் சென்டரில் 1962இல் திறந்த ஃபில்ஹார்மோனிக் அரங்கத்துக்கு ஒலியியல் ஆலோசகராக இருந்தவர் லியோ பெரானெக். உலகின் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரங்கங்களை ஆராய்ந்தவர் அவர். 2,400 இருக்கைகளோடு நேர்ச்சுவர்கள் கொண்ட செவ்வக மண்டபமாகவே அது முதலில் திட்டமிடப்பட்டது. இருக்கைகள் போதாது என்ற கூக்குரல் எழுந்ததும், பக்கங்களை வளைத்து வெளியே தள்ளி எண்ணிக்கையைக் கூட்டினார்கள். திறந்த நாளிலிருந்தே குறைகள் வெளிப்பட்டன: தாழ்ந்த சுரங்கள் எழவில்லை, மேடையில் வாசிப்பவர்களுக்கே ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. கூரையில் தொங்கிய பலகைகளை மாற்றினார்கள். பிறகும் பயனில்லாமல் 1976இல் உட்புறம் முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அதுவும் நிறைவளிக்காமல், 2022இல் ஏறக்குறைய 55 கோடி டாலர் செலவில் மூன்றாம் முறையாக அதைத் திறந்தபோது, மேடையை முன்னே நகர்த்தி, 500க்கும் மேற்பட்ட இருக்கைகளை எடுத்துவிட்டு, 2,200 பேருக்கான இடமாக அதை ஆக்கியிருந்தார்கள். முதலில் திட்டமிட்டதையும்விடக் குறைவான எண்ணுக்கு வந்துசேர அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தச் சிக்கலுக்கு முற்றிலும் வேறான விடையைத் தந்தவர் பெர்லினில் ஹான்ஸ் ஷரூன். பாஸ்டன் அரங்கம் திறந்த அதே அக்டோபர் 15இல், 63 ஆண்டுகள் கழித்து, 1963இல், பெர்லின் ஃபில்ஹார்மோனி திறக்கப்பட்டது. தெருவில் யாராவது இசைக்கத் தொடங்கினால் மக்கள் தாமாகவே சுற்றி வளைத்துக்கொள்கிறார்களே, அதை ஏன் அரங்கத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்பது ஷரூனின் எண்ணம். மேடையை நடுவுக்குக் கொண்டுவந்து, சரிவில் அமைந்த திராட்சைத் தோட்டத்தின் பாத்திகளைப்போல இருக்கைகளைச் சிறுசிறு கூட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு உயரங்களில் சுற்றிலும் அமைத்தார். சுவர்கள் எட்டப் போய்விட்டால் பக்க ஒலிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும். ஒலியியல் வல்லுநர் லோத்தர் கிரேமரின் துணையோடு, ஒவ்வொரு பாத்தியின் முகப்புச் சுவரும் தனக்கு அருகிலும் கீழும் உள்ள பாத்திக்குச் சுவராகும்படி அது அமைக்கப்பட்டது. மக்கள் கூட்டத்தைப் பிரித்தாலே அதன் நடுவே சுவர்கள் முளைக்க இடம் கிடைக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். விலையும் உண்டு: மேடைக்குப் பின்னால் உட்காருபவருக்குப் பாடகரின் முதுகுதான் கிடைக்கும், குரலின் கூர்மை முன்னால் போய்விடும். பாடல் நிகழ்ச்சியென்றால் அந்தப் பக்கம் நான் உட்காரமாட்டேன். சிம்ஃபொனி என்றால், நடத்துநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பதற்கு அதைப்போன்ற இடம் வேறில்லை.

மௌனத்தைக் கட்டுவதும் கட்டடக்காரரின் வேலைதான். மிக மெல்லிய ஒலி கேட்கவேண்டுமானால் பின்னணியில் எதுவும் இருக்கக்கூடாது. பர்மிங்காமில் 1991இல் திறந்த சிம்ஃபொனி அரங்கத்தின் அருகே பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. அதன் அதிர்வு ஏறிவராதபடி கட்டடம் ரப்பர் மெத்தைகளின்மேல் நிற்கிறது. எல்ப்ஃபில்ஹார்மோனியின் பெரிய மண்டபம் துறைமுகத்தின் ஓசை புகாதவாறு மாபெரும் சுருள்வில்களின்மேல் அமர்ந்திருக்கிறது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து வேகமாக ஊதாமல், இருக்கைக்கு அடியிலிருந்து மெதுவாகக் கசியவிடுவதும் இதற்காகத்தான்.

இருக்கைகளுக்கும் இப்போது ஒரு நுட்பம் வந்துவிட்டது. ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு ஒலியை உண்பாரோ, காலியாக இருக்கும்போதும் ஏறக்குறைய அவ்வளவையே உண்ணும்படி மெத்தையின் அளவையும், மடங்கிய இருக்கையின் அடிப்பக்கத்துத் துளைகளையும் வகுக்கிறார்கள். காலையில் கேட்டதே மாலையிலும் கிடைக்கும். அரங்கத்தைக் கட்டும் முன்பே பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைச் செலுத்திச் சோதிப்பதும் உண்டு. அந்த மாதிரிகளின் இருக்கைகளில் கம்பளித் துணி உடுத்திய சிறு பொம்மைகளை வரிசை வரிசையாக உட்காரவைக்கிறார்கள். அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேபினின் மேலங்கி நினைவுக்கு வரும்.

அந்தப் பழைய அரங்கத்தில் மரநாற்காலிகள்தான். அன்று நிகழ்ச்சி முடிந்த பிறகு நான் உடனே எழவில்லை. மேடையில் டபுள் பாஸ் வாசிப்பவர் ஒருவர், எல்லோரும் கிளம்பிய பிறகும் தன் கருவியை உறையில் இடாமல், ஒரே சுரத்தை நிறுத்தி நிறுத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்கள் வரிசை வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவர் வில்லை எடுத்ததும் சுரம் நின்றது. கீழ்த்தளம் பாதி காலியானபோது அது சற்றுத் தங்கிப் போயிற்று. மாடிவரிசையில் கடைசியாக நின்றவர்களும் கதவைத் தாண்டியபோது, வில் எழுந்த பிறகும் சுரம் கூரைவரை ஏறி, அங்கே சிறிது நேரம் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பிறகு இன்னொரு முறை இழுத்தார்.